முதுகுக்குப் பின்னால் ஒரு நாற்காலி

“நான் சொல்றதைக் கொஞ்சம்—”

“முதல்ல நான் சொல்லி முடிச்சிடறேன் டீச்சர். என் பொண்ணு—”

“புரியுதும்மா, ஆனா அந்தப் பயிற்சி என்னன்னா—”

“பாத்தீங்களா! குறுக்கே பேசாம கேக்கணும்னு பிள்ளைங்களுக்குப் பாடம் நடத்தறீங்க. என்னை ஒரு வரி முழுசா முடிக்க விடமாட்டேங்கறீங்களே!”

உளவியல் டீச்சர் வாயை மூடிக்கொண்டார். ஆசிரியர் அறையின் மூலையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த கணக்கு வாத்தியார் சிரிப்பை அடக்க இருமினார். இருமி முடித்ததும், தண்ணீர் குடிக்கப் போகிறவர் மாதிரி எழுந்து நைசாக வெளியே நழுவினார்.

தையல்காரி கடையைப் பூட்டிவிட்டு நேரே வந்திருந்தாள். வழியெல்லாம் சண்டையை ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தவளுக்கு, எதிரில் இவ்வளவு சின்னப் பெண் உட்கார்ந்திருப்பாள் என்று தோன்றவில்லை. டீச்சரின் ரவிக்கைத் தோள் வேறு இறங்கியிருந்தது. அரை அங்குலம் பிடித்தால் சரியாகிவிடும். கோபத்துக்கு நடுவிலும் கண் அங்கேதான் போனது, பாழாய்ப்போன கண்.

“சரி, சொல்லுங்க” என்றார் டீச்சர்.

“மூணு நாளா என் பொண்ணு என்கிட்ட ஒரு வார்த்தை பேசலை.”

டீச்சரின் உதடு அசைந்தது. பிறகு அடங்கியது.

“ஞாயித்துக்கிழமை மதியம் மெஷின்ல உக்காந்திருக்கேன். நாற்காலியைத் தூக்கிட்டு வந்து என் முதுகுக்குப் பின்னால போட்டா. ‘ஹோம்வொர்க்கும்மா. மனசுல என்ன வருதோ அதைச் சொல்லிட்டே இரு. நல்லது கெட்டது பாக்காதே. நான் வாயே திறக்க மாட்டேன்’னா. எனக்குச் சிரிப்பு. என் மனசுல என்னடி இருக்கு, ஜிப்பும் பொத்தானும்தான்னேன். சரின்னு ஆரம்பிச்சேன். தோள்வலியைச் சொன்னேன். பேன்ட்டை மூணு தடவை பிரிக்கச் சொன்ன மகராசனைத் திட்டினேன். பின்னால சத்தமே இல்லை. ‘ம்’ கொட்ட ஆள் இருந்தா, எங்க நிறுத்தணும்னு நமக்குத் தெரியும் டீச்சர். இல்லைன்னா வாய் பாட்டுக்குப் போயிட்டே இருக்கும். போயிடுச்சு.”

“எங்கே போச்சு?”

அவள் கதவைப் பார்த்தாள். யாரும் இல்லை.

“அவளுக்கு மூணு வயசு. அவங்கப்பா எங்களை விட்டுட்டுப் போயி நாலு மாசம். பஸ் ஸ்டாண்டு பெஞ்சுல உக்கார வெச்சேன். கையில பிஸ்கட் பாக்கெட்டைக் குடுத்தேன். அம்மா இதோ வந்துடறேன்னேன். வந்து நின்ன பஸ்ல ஏறிட்டேன். எங்க போற பஸ்னு கூடப் பாக்கலை.”

டீச்சர் கையிலிருந்த பேனாவை மேசையில் வைத்தார்.

“அடுத்த நிறுத்தத்துலயே இறங்கி ஓடி வந்தேன். ஒரு செருப்பு எங்கேயோ கழண்டு போச்சு. வந்து தூக்கிக்கிட்டேன். அவ்வளவுதான். பதிமூணு வருஷம் என் கூடப்பொறந்த அக்காகிட்ட கூடச் சொல்லாதது. பெத்த பொண்ணுகிட்டயே கொட்டிட்டேன். அவ வெச்சிருந்த பதினஞ்சு நிமிஷ அலாரம் அடிச்சுது. எந்திரிச்சு நாற்காலியை இருந்த இடத்துல வெச்சுட்டுப் போயிட்டா. அன்னிலேருந்து, சாப்பிடறியான்னா தலையை ஆட்டறா. பாத்திரம் கழுவறா. துணி மடிக்கறா. பேச்சு மட்டும் இல்லை. ‘நீயெல்லாம் ஒரு தாயா’ன்னு கத்தட்டுமே! அதுக்குப் பதில் வெச்சிருக்கேன். பதிமூணு வருஷமா வெச்சிருக்கேன். கேக்காதவகிட்ட என்னத்தைச் சொல்ல?”

டீச்சர் மேசையில் கிடந்த பேனாவை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார்.

“தப்பு என்னோடதும்மா. மனநோய்க்கு அப்படி ஒரு வைத்தியம் இருக்கு. நோயாளி படுத்திருப்பாங்க, கேக்கறவங்க தலைமாட்டுல, கண்ணுக்குப் படாம உக்காந்திருப்பாங்க. நாம மறந்துட்டோம்னு நினைக்கறது எதுவும் மறையறதில்லை, பேசப்பேச தானா மேல வரும்னு பாடம். ஆனா வந்ததைத் தாங்கிப் பிடிக்க வருஷக்கணக்கா படிச்சிருக்கணும். பிள்ளைங்களுக்கு நான் காட்ட நினைச்சது ஒண்ணுதான், பேசாம கேக்கறது எவ்வளவு கஷ்டம்னு. வகுப்புக்குள்ளேயே, ரெண்டு ரெண்டு பேரா. இருபத்துமூணு பேர். உங்க பொண்ணு மட்டும் தனியா நின்னா. வீட்டுல யாரையாவது வெச்சுப் பண்ணும்மான்னுட்டேன்.”

“நீங்க அவளோட உக்காந்திருக்கலாமே?”

“நான் பதினஞ்சு நிமிஷம் பேசாம இருப்பேனா? வகுப்பே சிரிக்கும்.”

தையல்காரிக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு எட்டிப் பார்த்தது. உடனே முகத்தை இறுக்கிக்கொண்டாள். “எழுதிக் குடுத்திருப்பால்ல? அந்தத் தாளைக் காட்டுங்க.”

“கேட்டவங்க மனசுல என்ன தோணுச்சுன்னு மட்டும்தான் எழுதச் சொன்னேன். அதையும் யாருக்கும் காட்ட மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன்.”

“நான் பெத்தவ!”

“பெத்தவங்களுக்குத்தாம்மா முக்கியமா காட்டக்கூடாது. அவளையே கூட்டிட்டு வரேன்.”

தனியாக இருந்த ஐந்து நிமிடமும் தையல்காரி பதில்களை அடுக்கி வைத்துக்கொண்டாள். ஏன் விட்டாய் என்றால் இது. உனக்கு மனசே இல்லையா என்றால் அது. ஏன் சொல்லாமல் மறைத்தாய் என்றால், அதற்கும் ஒன்று இருந்தது.

மகள் வந்தாள். அம்மாவை மேலும் கீழும் பார்த்தாள்.

“கடையை யார் பாத்துக்கறா?”

மூன்று நாளில் முதல் பேச்சு. “பூட்டிட்டு வந்தேன்.”

“இன்னிக்குக் கொடுக்கணும்னு நாலு உருப்படி இருந்துச்சே?”

“கிடக்குது கழுதை. டீச்சர் பேசாதேன்னு சொன்னது பதினஞ்சு நிமிஷம். நீ மூணு நாளாப் பரீட்சை எழுதறே. கோவம்னா கோவம்னு சொல்லு.”

“கோவம் இல்லைம்மா.”

“பின்னே?”

“ஒண்ணு கேக்கணும்னு இருந்துச்சு. கேட்டா நீ அழுவே. அதான் வாயைத் திறக்கலை. வேற எதையாவது பேசினாலும் அதுவே வந்துடும்போல இருந்துச்சு.”

டீச்சர் வாசலிலேயே நின்றார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர், கதவுப் பிடியை இறுகப் பற்றிக்கொண்டு அப்படியே நிறுத்திவிட்டார்.

“அழுதா அழுதுட்டுப் போறேன், கேளு” என்றாள் தையல்காரி. “ஏன் விட்டேன்னு கேளு. எப்படி மனசு வந்துச்சுன்னு கேளு. பதில் இருக்கு, கேளுடி.”

மகள் வேண்டாமென்று தலையசைத்தாள். “அதெல்லாம் நீ சொல்லாமலே புரியுதும்மா. அப்பா போனதுக்கப்புறம் வீட்டுல நாம ரெண்டு பேரும் மட்டும் எப்படி இருந்தோம்னு எனக்குத் தெரியாதா?”

நாற்காலியை இழுத்து, இந்த முறை அம்மாவுக்கு எதிரில், முழங்கால் முழங்காலில் இடிக்கப் போட்டு உட்கார்ந்தாள்.

“நீ ஓடி வந்தப்போ, நான் அழுதுட்டிருந்தேனாம்மா? இல்ல, நீ எப்படியும் வந்துடுவேன்னு பிஸ்கட் தின்னுட்டு சும்மா உக்காந்திருந்தேனா?”