டூ ஃபிஃப்டி சிக்ஸ் ரெண்டு

எங்கள் குடும்பத்தில் யாருக்கும் எதுவும் நேரத்துக்கு நடந்ததில்லை. என் கம்ப்யூட்டர் மட்டும் விலக்கா என்ன? இரண்டாயிரத்தேழாம் ஆண்டு, ஒரு வெள்ளிக்கிழமை காலை, அதன் மதர்போர்ட் மண்டையைப் போட்டது.

அன்று மாலை ஆறு மணிக்குத்தான் கனடாவிலிருந்து, எனக்குப் பேசியிருக்கும் மாப்பிள்ளை நாகேந்திரம் கம்ப்யூட்டர் கமராவில் வருவதாக ஏற்பாடு. எனக்கு முப்பத்தாறு வயது. மூன்று மாதமாகத் தொலைபேசியில் கதைத்து அந்தக் குரல் எனக்கு நன்றாகவே பிடித்துப்போயிருந்தது. ஆனால் முகத்தைப் பார்க்காமல் ஓம் சொல்ல மாட்டேன் என்று நின்றேன். போட்டோவை நான் நம்புவதில்லை, போட்டோவில் எல்லாரும் நல்லவர்கள். ஞாயிற்றுக்கிழமை அவருடைய தமக்கை வேறு இடத்தில் கலியாணப் பேச்சுக்கால் தொடங்கப்போவதாகத் தரகர் சொல்லியிருந்தார். வெள்ளி ஆறு மணி தப்பினால் தப்பினதுதான்.

நெட் கஃபேக்குப் போயிருக்கலாமே என்பீர்கள். வெள்ளவத்தை நெட் கஃபேயில் பின்னால் நிற்கிறவர்களே எனக்கு மாப்பிள்ளை முடித்துவிட்டுப் போவார்கள். தட்டச்சும் போட்டோகொப்பியுமாக எனக்கே ஒரு கடை இருக்கும்போது அந்தக் கரைச்சல் எதற்கு?

கம்ப்யூட்டர் திருத்துகிற புவாத் கொம்பனித்தெருவிலிருந்து வேறொரு போர்டோடு வந்தார். அதைப் பூட்டி, பழைய போர்டிலிருந்த இரண்டு மெமரி அட்டைகளையும் எடுத்து வைத்துப் பார்த்தார். ஏறவில்லை.

"இங்க பாருங்க அக்கா, இந்த வெட்டு ஒரு இடத்தில ஈக்கி, போர்டுல மேடு வேற இடத்தில ஈக்கி. இது பழைய டீடீஆர். போர்டு டீடீஆர் டூ. பொருந்தாது."

"கொஞ்சம் அமத்திப் பாருமன்."

"அமத்த வாணாம்! ஒடஞ்சி போகும்!"

இதை முன்னமே யோசித்திருக்கக் கூடாதா என்று வாய் நிறையத் திட்டினேன். மனுசன் கொட்டாஞ்சேனையில் கூட்டாளி ஒருவரின் கடையில் தேடப் போனார். நாலு மணிக்கு அங்கிருந்து தொலைபேசி எடுத்து, ஒன்றுதான் கிடைத்தது, போதுமா என்றார். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

"ஒண்டு காணாது! டூ ஃபிஃப்டி சிக்ஸ் ரெண்டு வேணும். பேப்பரில சுத்திக் கொண்டு வாரும், கை படக்கூடாது. ஆறு மணிக்கு ஆள் வந்திடுவான், அதுக்கு முதல் போட்டாகோணும்!"

வைத்துவிட்டுத் திரும்பினால், போட்டோகொப்பிக்குக் காத்திருந்த, தமிழ் அரைகுறையாக விளங்குகிற சிங்கள ஐயாவைக் காணவில்லை. கொப்பியையும் எடுக்கவில்லை. என்ன அவசரமோ என்று நினைத்தேன்.

ஆறுக்குப் பத்து நிமிடம் இருக்க, புவாத் பேப்பர் பொட்டலத்தோடு படியேறவும் பின்னாலேயே ஒரு சப் இன்ஸ்பெக்டரும் இரண்டு கான்ஸ்டபிள்களும் ஏறவும் சரியாக இருந்தது.

"மொகக்த மே?" இது என்ன என்று பொட்டலத்தைக் காட்டி அதட்டினார் சப் இன்ஸ்பெக்டர். டீ ஃபிஃப்டி சிக்ஸ் இரண்டு வருகிறதாம், ஆறு மணிக்கு யாரையோ போடப்போகிறார்களாம், தகவல் கிடைத்ததாம். டீ ஃபிஃப்டி சிக்ஸ் என்றால் துவக்கு. கான்ஸ்டபிள்கள் கையில் இருப்பதைப் போல ஒன்று. இந்தத் தெருவில் இதைவிடச் சின்ன விஷயத்துக்கு ஏற்றிக்கொண்டு போனவர்கள் திரும்பி வரவில்லை.

புவாத் பொட்டலத்தைப் பிரித்தார். விரலைவிடச் சற்று நீளமாக இரண்டு பச்சை அட்டைகள். சிங்களத்தில், "மெமரி சேர், கம்ப்யூட்டருக்கு" என்றார். லேபிளில் 256 என்றிருந்ததைப் படித்த கான்ஸ்டபிள் ஒருவனுக்குச் சிரிப்பு வந்தது. சப் இன்ஸ்பெக்டருக்கு வரவில்லை.

"தாலா பென்னன்ன," போட்டுக் காட்டு என்றார்.

பொலிஸ் பாதுகாப்போடு மெமரி பூட்டியது கொழும்பிலேயே என் கடையில் மட்டும்தான் இருக்கும். இரண்டும் டக் டக்கென்று இறங்கின. கம்ப்யூட்டர் ஒருமுறை கூவி உயிர் பெற்றது. இன்டர்நெட் வரவும் கனடா அழைக்கவும் ஒன்றாக நடந்தது. எடு என்றார் சப் இன்ஸ்பெக்டர், என் தோளுக்கு மேலால் குனிந்தபடி.

நாகேந்திரத்தின் முகம் வந்தது. அகன்ற நெற்றி, நரை தொட்ட மீசை, சிரிப்பு. இரண்டு விநாடிதான். தொப்பியைக் கண்டார், அவ்வளவுதான், ஆள் இல்லை. வெறும் கதிரை மட்டும் தன்பாட்டில் சுழன்றது.

"கோ மனுஸ்ஸயா?" மனுசன் எங்கே என்று கேட்ட சப் இன்ஸ்பெக்டருக்கே ஒரு மாதிரியாகிவிட்டது. கொஞ்சநேரம் கதிரையைப் பார்த்தார். பிறகு என் அடையாள அட்டை இலக்கத்தை எழுதிக்கொண்டு இறங்கிப் போனார். புவாத்தும் அவர்கள் பின்னால் நழுவினார்.

"நாகேந்திரம், அவை போயிட்டினம்," என்றேன்.

மேசைக்குக் கீழே இருந்து குரல் வந்தது. "உண்மையாப் போயிட்டினமோ?"

"ஓம். நான் மட்டும்தான்."

"எட்டு வருஷமாச்சு, சிவமணி. கனடாவில இருக்கிறன் எண்டு மூளைக்குத் தெரியுது. உடம்புக்குத் தெரியேல்ல." பிறகு, "என்னைப் பொலிஸ் முதலில பிடிச்சதும் உங்கட வெள்ளவத்தையிலதான். ஆருக்கும் சொல்லேல்ல," என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கத் தொடங்கியது அழுகையில் போய் நின்றது. அந்தக் குரல் ஏன் எனக்குப் பிடித்தது என்று அப்போதுதான் விளங்கியது. நானும் சற்று முன் பொலிஸ் படியேறினபோது மேசையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், கீழே இடம் இருக்கிறதா என்று.

"என்னைப் பாத்தனீங்களோ?" என்று கேட்டேன்.

"இல்லை. தொப்பியைத்தான் பாத்தனான்."

"அப்ப எழும்பி வந்து வடிவாப் பாருங்கோ," என்றேன். "நான் ஓம் சொல்லியாச்சு."