காலால் பிறந்தவள்

நான் கால் முன்னால் வந்து பிறந்தவள். அப்படிப் பிறந்தவர்கள் மிதித்தால் பிடிப்பு விட்டுவிடும் என்று பிள்ளைப்பாக்கத்தில் நம்பிக்கை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களை மிதித்தும், எண்ணெய் போட்டு வழித்தும் அனுப்புவேன். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட இருந்தது.

தொண்ணூறாம் வருஷம் என் மகள் மதிவதனிக்குக் கழுத்து வீங்கியது. அப்போது ஆறு வயசு. சுளுக்கு என்று நினைத்து மூன்று நாள் நானே அழுத்தி வழித்தேன். கத்தினாள். விடவில்லை. சில மாதத்தில் கழுத்து திரும்பாமலே போய்விட்டது.

மெட்ராஸ் டாக்டர் முதலில் பார்த்தது அவள் கால் கட்டைவிரல்களைத்தான். பிறந்ததிலிருந்தே இரண்டும் குட்டையாக, உள்பக்கம் வளைந்திருக்கும்.

"இது பிறவிக் கோளாறும்மா. பத்து லட்சம் பேர்ல ஒருத்தருக்கு வந்தா அதிகம். மருந்து கிடையாது. விழக்கூடாது, சதையில ஊசி போடக்கூடாது, அழுத்தித் தேய்க்கக்கூடாது. சதையே எலும்பாயிடும்."

எழுதியும் கொடுத்தார். அந்தக் காகிதத்தைப் பள்ளிக்கூடத்தில் கொடுக்காமல் டிரங்குப் பெட்டியில் பூட்டி வைத்தேன். கழுத்து இப்படி ஆனது யார் கைவேலை என்று ஊர் கேட்குமே. என்னைப் போல் ஒரு கோழை உண்டா.

தொண்ணூற்றொன்று ஜூலையில் ஒருநாள், மறைமலை நகர் கம்பெனியில் என் பக்கத்தில் நின்று வேலை செய்யும் எங்களூர் சந்திரம்மாள் சொன்னாள்:

"இன்னிக்கி நம்மூர் இஸ்கூல்ல ஊசி போடறாங்களாம். எம்புள்ள அழுதுகினே போச்சு."

கையிலிருந்த போல்ட் நழுவியது. சூப்பர்வைசர் பரசுராமன், "இன்னாம்மா, லைன வுட்டுட்டு எங்க போற?" என்று கேட்டது காதில் விழுந்தது. வாசலைப் பார்த்து ஓடினேன்.

ஒரகடத்தில் பஸ்ஸைவிட்டு இறங்கி அடுத்த பஸ்ஸுக்கு நின்றேன். கழுத்து போயிற்று. இன்று கையும் போய்விட்டால், நாளைக்கு அவள் சோற்றை அள்ளி எப்படிச் சாப்பிடுவாள்? பஸ் வருவதாகக் காணோம். வந்த செங்கல் லாரியை மறித்து ஏறினேன்.

பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் பிள்ளைகள் கையைத் தேய்த்தபடி அழுதுகொண்டிருந்தார்கள். மதிவதனி தனியாக நின்றாள். செருப்பைக் கழற்றியிருந்தாள்.

"போட்டாங்களாடி?"

"இல்லம்மா. கால் வெரல காட்டினேன். இப்டி இருந்தா ஊசி போடக்கூடாதுன்னு டாக்டர் சொன்னாருன்னு சொன்னேன்."

நர்ஸ் என்னை முறைத்தாள். "புள்ள பேச்ச நம்பி நிறுத்தி வெச்சிகிறேன். நீ சொல்லி அனுப்ப வேணாம்? கழுத்து ஏன் இப்டி கீது?"

ஊர்ப் பெண்கள் நாலு பேர் நின்றிருந்தார்கள். என்னிடம் இடுப்பு மிதித்துக்கொண்டவர்கள்தான்.

"நான்தான் தேச்சேன்," என்றேன். "யாரும் இனிமே எங்கிட்ட வராதீங்க."

மகளை வாரி அணைக்கக் கைகளை நீட்டினேன். கழுத்து திரும்பாததால் அவள் உடம்போடு திரும்பி, ஓரடி பின்னால் போனாள்.

"அழுத்த மாட்டல்லம்மா?" என்று கேட்டாள்.