கால்கள் கேட்கவில்லை

பாச்சாங்கில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் கேசவனுக்குப் பெருமை பீற்றிக்கொள்வதில் அலாதிப் பிரியம். வாலுக்கு அடியில் குட்டிச் சக்கரம் வைத்த அந்தப் பழைய விமானத்தை வாங்கியபோது சொந்தக்காரர்கள் அத்தனை பேரையும் கூப்பிட்டுக் காட்டினான். முதல் மாதமே, தரையிறங்கி ஓடும்போது வால் முந்திக்கொண்டு வர, விமானம் புல்லில் ஒரு வட்டமடித்து நின்றது. அதன் பிறகு ஐயா அதன் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. விற்றால் மானம் போய்விடுமே! தன்னோடு சேர்த்து லைசென்ஸ் எடுக்க வைத்திருந்த மனைவி அனுசியாவை அதில் ஏற்றிவிட்டான்.

அனுசியாவுக்குப் பறப்பதே பிடிக்காது. எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டாள். "பழகிடும்லா அனு" என்று வாயை அடைத்துவிடுவான். அவள் அழுத பிறகுதான் கொஞ்சம் இறங்கி வந்தான்.

"சரி, இன்னிக்கு டெஸ்ட்ல உன்னால முடியாதுன்னு செசிலியா சொல்லட்டும். வித்துடறேன். போதுமா?"

லைசென்ஸ் இருந்தாலும் இந்த வால்சக்கர விமானத்துக்குத் தனிப் பயிற்சி வேண்டும்; அதை அவளுக்குக் கற்றுக்கொடுப்பவள் செசிலியா.

மஸ்ஜித் தானா பக்கம் செம்பனைத் தோட்டங்களுக்கு மேல் சுற்றித் திரும்பும்போதே அனுசியா முடிவு செய்துவிட்டாள். இறங்கியதும் வாலைத் திருப்பும் பெடலில் காலைச் சும்மா வைத்திருந்தால் போதும். வால் கொஞ்சம் விலகும். பின்னால் இருக்கும் செசிலியா பிடித்துக்கொள்வாள். யாருக்கும் ஒன்றும் ஆகாது, தனக்கு விடுதலை.

சக்கரங்கள் தரையைத் தொட்டன. பக்கக் காற்று வாலைத் தள்ளியது. விட்டுவிடு, விட்டுவிடு என்று மனசு கெஞ்சியது. பாழாய்ப்போன கால்கள் கேட்டால்தானே! வலது, இடது, மறுபடி வலது என்று தாமாகவே பெடலை மிதித்தன. விமானம் கோடு பிசகாமல் ஓடி நின்றது. அந்தக் கால்களை வெட்டிப் போடலாம் போல் அவளுக்கு ஆத்திரம் வந்தது.

"சூப்பர்லா அக்கா! இந்தக் காத்துல நான் கைகூட வைக்கல. இனிமே நீங்க தனியாவே போலாம்."

"செசிலியா, என்னால முடியாதுன்னு அவர்கிட்ட சொல்லும்மா."

"ஐயோ, பொய் சொல்லச் சொல்றீங்களா? போங்கக்கா!" செசிலியா சிரித்துக்கொண்டே வெளியே இருந்த கேசவனுக்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள்.

அவன் லட்டு டப்பாவோடு ஓடி வந்தான். அனுசியா இறங்கி, "எனக்கு வேணாங்க" என்று சொல்ல வாயைத் திறந்தாள். திறந்த வாயில் ஒரு முழு லட்டைத் திணித்தான். அவள் அதை மென்று விழுங்குவதற்குள், அடுத்த வாரம் அனு லங்காவித் தீவுக்கு விமானம் ஓட்டப் போகிறாள் என்று தன் அண்ணனிடம் போனில் சொல்லி முடித்திருந்தான்.