இயற்கை அணியில் சுகிர்தா

சுகிர்தா அந்த அணியில் பேசுவதாகவே இல்லை. ஆறு வருடமாக அவள் பட்டிமன்றம் பேசுகிறாள். சங்கரன்கோவிலில் ஒரு தனியார் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. விடுமுறை நாட்களில் நடுவர் மாரிக்கண்ணன் ஐயாவின் பட்டிமன்றக் குழுவோடு வேனில் ஏறிவிடுவாள். பெரும்பாலும் கடைசிப் பேச்சாளராகத்தான் போடுவார்கள். அதற்குள் பாதி நாற்காலிகள் காலியாகியிருக்கும்.

அந்தப் பொங்கல் விடுமுறையில் உள்ளூர் வியாபாரிகள் சங்கத்து விழாவுக்கு ஒத்துக்கொண்டிருந்தார்கள். தலைப்பு, ‘பூமி சூடாவதற்குப் பெரிதும் காரணம் மனிதனே! இயற்கையே!’ சுகிர்தா மனிதன் அணி. விழா அன்று மாலை நான்கு மணிக்கு மாரிக்கண்ணன் ஐயா போன் செய்தார். இயற்கை அணியின் தலைமைப் பேச்சாளருக்கு சிவகிரியில் காய்ச்சல், தொண்டை கட்டிவிட்டது.

“நீங்க இன்னைக்கு அந்தப் பக்கம் போயிருங்கம்மா. வேற வழி இல்ல.”

“ஐயா, நான் பிசிக்ஸ் எடுக்கேன். அது தப்புன்னு எனக்கே தெரியுமே.”

“பட்டிமன்றத்துல தெரிஞ்சதையா பேசுதோம்? கொடுத்ததப் பேசுதோம். எப்படியும் தீர்ப்ப நான் மனிதன் பக்கம்தான் சொல்லப் போறேன். நீங்க சபையச் சிரிக்க வைங்க, போதும்.”

சுகிர்தா இரண்டு மணி நேரத்தில் தயார் செய்தாள். வேறொருவருடைய வேலையைச் செய்வது போல இருந்ததாலோ என்னவோ, மேடையில் அன்று அவளுக்குப் பயமே வரவில்லை.

“பனியுகம்னு ஒண்ணு வந்துது. உலகமே ஐஸ் பெட்டிக்குள்ள கெடந்துது. பொறவு எல்லாம் உருகிப் போச்சு. நான் கேக்கேன், அப்பம் எவன் பைக் ஓட்டுனான்? எந்த மகராசி வீட்டுல ஏசி போட்டா?” என்றாள். கூட்டம் சிரித்தது. “எங்க வீட்டுக்காரர் சூரியன் வந்து மூஞ்சில அடிச்சாத்தான் எந்திரிப்பாரு. மனுசன எழுப்பி விடுததே சூரியன்தான். அந்தச் சூரியன விட்டுட்டு, தூங்கிக்கிட்டு இருந்த மனுசன் மேல கேஸ் போடுதீயளே!”

கைதட்டல் அடங்க வெகு நேரம் ஆயிற்று. பின்வரிசையில் சிலர் எழுந்து நின்றே தட்டினார்கள். எதிரணியினர் புள்ளிவிவரத் தாள்களைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். கடைசியில் மாரிக்கண்ணன் ஐயா மனிதனே என்று தீர்ப்புச் சொன்னபோது எல்லோரும் சாப்பாட்டுப் பந்திக்கு எழுந்துவிட்டிருந்தார்கள்.

இரண்டு நாள் கழித்து அந்தப் பேச்சில் நான்கு நிமிடத்தை மட்டும் யாரோ வெட்டி யூடியூபில் போட்டார்கள். ‘குளோபல் வார்மிங் பொய்! பிசிக்ஸ் டீச்சரே உடைத்த உண்மை!’ என்று தலைப்பு. பட்டிமன்றம் என்ற சொல்லும் இல்லை, தீர்ப்பும் இல்லை. இரண்டு வாரத்தில் மூன்று லட்சம் பேர் பார்த்தார்கள். மார்க்கெட்டில் பூ வாங்கப் போனால் கடைக்காரர் எழுந்து நின்று பேசினார். சுகிர்தாவுக்கு அது தப்பு என்று தெரிந்தது, பிடித்தும் இருந்தது. அடிக்கடி போனை எடுத்து எண்ணிக்கை ஏறியிருக்கிறதா என்று பார்த்தாள்.

அவள் கணவன் ஜெபசிங் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருந்தான். அதிகம் பேசுகிறவன் இல்லை. வீடியோவை இரண்டு தடவை பார்த்துவிட்டு, “சுகி, கீழ ஒரு வரி எழுதிப் போடு. இது பட்டிமன்றம், எனக்குக் கொடுத்த தலைப்புன்னு” என்றான்.

“நாளைக்குப் போடுதேன்.”

மறுநாளும் போடவில்லை, அதற்கடுத்த வாரமும் போடவில்லை. பிறகு அது மறந்தே போனது.

ஏப்ரலில் வெயில் ஏறியது. ஊரில் விசைத்தறிகள் ஓடும் செட்டுகளுக்கெல்லாம் ஆஸ்பெஸ்டாஸ் கூரை. காற்று அடித்தால் தறியில் நெடுக ஓடும் பாவு நூல் அறுந்துபோகும் என்று ஜன்னல்களையும் பாதி சாத்தி வைத்திருப்பார்கள். கோமதிநாயகம் என்பவருடைய செட்டில் பேச்சிராஜ் என்ற தறிக்காரர் மத்தியானம் மயங்கி விழுந்து மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அடுத்த வாரமே ஒரு பெண்ணும் விழுந்தாள். சூட்டை வெளியே இழுக்கும் எக்ஸாஸ்ட் ஃபேன் வேண்டும், கூரைக்கு வெள்ளையடிக்க வேண்டும், ஒன்றிலிருந்து மூன்று மணி வரை தறியை நிறுத்த வேண்டும் என்று தொழிலாளர்கள் கேட்டார்கள்.

அந்தச் செட்டில் வேலை பார்க்கும் சுப்புலட்சுமி ஒரு சாயங்காலம் சுகிர்தாவின் வீட்டுக்கு வந்தாள். அவள் மகள் சுகிர்தாவிடம்தான் படித்தாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

“டீச்சர், உங்க மேல வருத்தத்துல வரல. வெவரம் கேக்கத்தான் வந்தேன். மொதலாளி உங்க வீடியோவ எங்களுக்குப் போட்டுக் காமிக்காரு. ‘படிச்சவுக சொல்லுதாவ, சூடு வரும், தானே போவும், எப்பமும் உள்ளதுதான்’ங்காரு. அப்படியா டீச்சர்? தானே போயிருமா?”

“போகாது” என்றாள் சுகிர்தா. “நான் சொன்னது தப்பு.”

“அப்பம் ஏன் சொன்னிய?”

கொடுத்த தலைப்பு என்று அவள் விளக்கினாள். சுப்புலட்சுமி பொறுமையாகக் கேட்டாள். “அது எங்களுக்குத் தெரியாதுல்லா டீச்சர்” என்று மட்டும் சொன்னாள். போகும்போது, ஞாயிற்றுக்கிழமை காலையில் முதலாளிகளோடு பேச்சுவார்த்தை என்றும், முடிந்தால் வரும்படியும் கேட்டுக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சுகிர்தா பேச்சுவார்த்தை நடந்த மண்டபத்துக்குப் போனாள். ஜெபசிங் பைக்கில் கொண்டுவிட்டு வாசலிலேயே நின்றுகொண்டான். முதலாளிகள் எட்டுப் பேர், தொழிலாளர்கள் இருபது பேர் வந்திருந்தார்கள். கோமதிநாயகம் சத்தம் போடுகிற ஆள் இல்லை. நூல் விலையையும் கரண்டு பில்லையும் வரிசையாகச் சொல்லிவிட்டு, சுகிர்தாவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார்.

“டீச்சரே வந்துட்டாவ. அவுக வாயாலேயே கேட்டுக்கிடுங்க.”

சுகிர்தா எழுந்தாள். மேடையில் வராத பயம் இங்கே வந்தது. அன்று பேசியது தனக்குக் கொடுக்கப்பட்ட பக்கம் என்றும், உண்மை அதுவல்ல என்றும் சொன்னாள்.

கோமதிநாயகம் கேட்டார்: “அன்னைக்குப் பேசுனது பொய்யா டீச்சர், இன்னைக்குப் பேசுதது பொய்யா?”

“அன்னைக்குப் பேசுனதுதான் அண்ணாச்சி பொய்.”

அவள் தொடர்ந்தாள். “பனியுகம் முடிஞ்சது நெசந்தான். அதுக்கு ஆயிரக்கணக்கான வருசம் ஆச்சு. இப்பம் நூறு, நூத்தம்பது வருசத்துல ஏறிப்போச்சு. சூரியன்தான் காரணம்னா ராத்திரிய விட பகல்லதான் சூடு வேகமா கூடணும். ஆனா உலகத்துல நெறைய எடத்துல ராத்திரிச் சூடுதான் வேகமா கூடியிருக்கு. நாம எரிச்ச கரி, பெட்ரோல் புகை மேல போர்வை மாதிரி நிக்குது. பகல்ல வாங்குன சூட்ட ராத்திரி வெளிய விடமாட்டேங்குது.”

“நெசந்தான்” என்றாள் சுப்புலட்சுமி. “முந்தி நைட் ஷிப்ட்டுன்னா சண்டை போட்டு வாங்குவோம், குளுமையா இருக்கும்னு. இப்பம் ஒருத்தரும் கேக்கதில்ல.”

கோமதிநாயகம் மேஜையில் விரலால் தட்டிக்கொண்டிருந்தார். “சரி. மனுசன்தான் காரணம்னே வச்சுக்கிடுவோம். அந்த மனுசன் நானா? எவனோ கப்பல் கப்பலா கரிய எரிச்சதுக்கு, நான் சங்கரன்கோவில்ல ஃபேன் மாட்டணுமா?”

முதலாளிகளில் இரண்டு பேர் சிரித்தார்கள். அவர் கேட்டதில் நியாயம் இருப்பதாகவே சுகிர்தாவுக்கும் பட்டது.

“சூட்டுக்கு நீங்க காரணம் இல்ல அண்ணாச்சி” என்றாள். “ஆனா செட்டு உங்களுது. காரணம் யாராயிருந்தாலும் உள்ள நிக்கிறது இவங்கதான். இன்னைக்கு மத்தியானம் ஒரு மணிக்குப் போவோம். நீங்களும் நானும் கால் மணி நேரம் நடுத்தறிகிட்ட நிப்போம். பொறவு நீங்க என்ன சொன்னாலும் சரி.”

எல்லோரும் தன்னையே பார்ப்பதைக் கோமதிநாயகம் கவனித்தார். “எனக்குத் தெரியாத செட்டா?” என்றார். ஆனாலும் ஒரு மணிக்கு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமையிலும் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்தில் பேச முடியாது. சுகிர்தாவுக்கு ஐந்தாவது நிமிடமே கண் எரிந்தது, சேலை முதுகில் ஒட்டியது. கோமதிநாயகம் நேராக நின்றார். காலையில் பத்து மணிக்கு வந்து அரைமணி பார்த்துவிட்டுப் போகிறவர் அவர். அந்த நேரத்துச் செட்டை அவர் பார்த்து வருடக்கணக்காகியிருக்க வேண்டும். பன்னிரண்டாவது நிமிடத்தில் தறியின் கட்டையைப் பிடித்துக்கொண்டார். சுப்புலட்சுமி ஓடிவந்து ஒரு செம்புத் தண்ணீரை நீட்டினாள். அதை வாங்கிக்கொண்டு வெளியே போனவர், அப்படியே வீட்டுக்குப் போய்விட்டார்.

அடுத்த வாரம் அந்தச் செட்டில் இரண்டு எக்ஸாஸ்ட் ஃபேன் ஏறின. மாட்டியது ஜெபசிங்தான். காலை ஷிப்ட்டை ஆறு மணிக்கே தொடங்கி, மத்தியானம் ஒன்றரை மணி நேரம் நிறுத்தினார்கள். கூரைக்கு வெள்ளையடிக்கவில்லை. இன்னும் மூன்று முதலாளிகள் அதே மாதிரி செய்தார்கள். மற்றவர்கள் பார்ப்போம் என்றார்கள், பார்த்துக்கொண்டே இருந்தார்கள். கோமதிநாயகம் பூமி சூடாவதைப் பற்றி அதன் பிறகு எங்கும் பேசவில்லை. அவர் நம்பினாரா இல்லையா என்று சுகிர்தாவுக்குத் தெரியவில்லை.

அந்த வாரமே அவள் வீட்டுச் சுவரின் முன் நின்று ஒரு வீடியோ எடுத்தாள். எந்தெந்த வாக்கியம் தவறு, ஏன் தவறு என்று ஆறு நிமிடம் பேசினாள். நானூறு பேர் பார்த்தார்கள். பழைய வீடியோ ஐந்து லட்சத்தைத் தாண்டியது. ‘யாரோ மெரட்டிட்டாங்க போல’ என்று புதியதன் கீழே ஒருவர் எழுதியிருந்தார். அதற்கும் பதில் எழுதினாள். அதற்கு நாற்பது பேர் மறுத்து எழுதினார்கள். ஒரு மாதம் விடாமல் எழுதிக்கொண்டிருந்தாள். பிறகு சனிக்கிழமைகளில் மட்டும் எழுதினாள்.

ஆடியில் மாரிக்கண்ணன் ஐயா போன் செய்தார். புளியங்குடியில் அதே தலைப்பு. அதே டீச்சர்தான் இயற்கை அணிக்குத் தலைமை தாங்க வேண்டும் என்று விழாக்காரர்கள் பெயர் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள்.

“பேசுனா மனிதன் பக்கம்தான் பேசுவேன் ஐயா.”

“அந்தப் பக்கம் ஆள் நெறஞ்சு போச்சேம்மா. கடைசி எடந்தான் இருக்கு. ஆறு நிமிசம்.”

“போதும் ஐயா.”

ஆறு நிமிடம் பேசினாள். ஒரு நகைச்சுவை எடுபட்டது, ஒன்று எடுபடவில்லை. கைதட்டல் மரியாதைக்கு வந்தது. வேனுக்குக் காத்திராமல் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள். கூட்டத்திலிருந்து வந்த ஒரு பெண், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.

“அன்னைக்கு போன்ல வந்த வீடியோவுல பேசுனது நீங்கதான? சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிச்சுப் போச்சு. இன்னைக்கு ஏன் மாத்திப் பேசுனிய?”

சுகிர்தா சொல்லத் தொடங்கினாள். பாதியில் பஸ் வந்தது. இருவரும் ஏறினார்கள். ஒரே சீட்டில் இடம் கிடைத்தது. “ம், சொல்லுங்க” என்றாள் அந்தப் பெண், பிள்ளையை மடியில் சாய்த்துக்கொண்டே.