துணைக்கு வந்தவன்

மதியச் சாப்பாடு முடிந்ததும் தாராவித் தோல்பைப் பட்டறையில் எல்லோரும் கிடைத்த இடத்தில் காலை நீட்டிவிடுவார்கள். வெயிலுமுத்து மட்டும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ரயில்வே டைம்டேபிளைப் படிப்பான். தோலில் கோடு போடும் சாக்குக்கட்டியாலேயே அதிலும் கோடு போடுவான். எந்த வண்டியில் கூட்டம் குறைவு, எந்த ஊரில் எந்த மடத்தில் படுக்க இடம் தருவார்கள், எந்தக் கோயிலில் மதியம் இலை போடுகிறார்கள் என்பதெல்லாம் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

"என்ன முத்து, இந்த லீவு சுட்டிக்கு எந்தக் கோட்டையப் பிடிக்கப் போறீரு?" என்று முதலாளி ஜெயினுலாப்தீன் பாய் கேட்பார்.

"ஜெய்ப்பூர் பாய். ஒரே டிக்கெட்ல போற வழியில நாலு ஊரு இறங்கி ஏறிக்கிடலாம். ரூல் இருக்கு."

மில் ஸ்டிரைக்கில் பாதி பம்பாய் படுத்துக் கிடந்த காலம் அது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் பலருக்கு வருஷத்துக்கு ஒரு தடவை ஊருக்குப் போய் வருவதே பெரும்பாடு. வெயிலுமுத்துவோ டில்லி, ஆக்ரா, காசி, பூரி என்று போய்க்கொண்டே இருந்தான். திட்டம் போட்டுச் சிக்கனமாய் ஊர் சுற்றுவது நல்ல காரியம்தான். அவனுடைய மூளையை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தத் திட்டத்துக்கெல்லாம் முதல் போட்டது மூளை இல்லை, அவன் தம்பி பிச்சையா.

பிச்சையாவுக்குச் சின்ன வயதில் அம்மை வார்த்து இரண்டு கண்ணும் போய்விட்டன. சயானில் ஒரு கடையில் பிரம்பு நாற்காலி பின்னினான். பார்வையுள்ளவன் ஒரு நாற்காலியை முடிப்பதற்குள் அவன் அடுத்ததில் பாதி முடித்திருப்பான். அண்ணன் வீட்டில்தான் சாப்பாடு, படுக்கை. சம்பளத்தை அண்ணி சண்முகவடிவு கையில் கொடுத்துவிடுவான்.

அப்பா செத்த தந்தி வந்த அன்று இரண்டு பேரும் தாதர் ஸ்டேஷனில் டிக்கெட் எடுக்க நின்றார்கள். பிச்சையாவைப் பார்த்த கிளார்க், பார்வையில்லாதவருக்குக் கட்டணத்தில் பெரிய சலுகை உண்டு, கூடப் போகும் துணைக்கும் அதே சலுகை உண்டு என்றார். பிச்சையா அழுதுகொண்டிருந்தான். வெயிலுமுத்துவும் அழுதுகொண்டுதான் இருந்தான். ஆனாலும் அவன் காது மட்டும் கிளார்க் பக்கம் திரும்பிவிட்டது.

அதன்பிறகு தம்பி இல்லாமல் அவன் வண்டி ஏறியதே கிடையாது. "தம்பிக்கு நாலு ஊரக் காட்டணும்லா" என்று தெருவில் சொல்வான். கண் தெரியாதவனுக்கு என்னத்தைக் காட்டுவான் என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. உடன்பிறந்தவனை இப்படித் தாங்குகிறவன் உண்டா என்று தாராவியே உச்சி குளிர்ந்தது.

அவன் தாங்கிய அழகை ஆக்ரா ஸ்டேஷன் அறியும். தாஜ்மகாலுக்குப் போனபோது தம்பியைப் பிளாட்பாரத்தில் மூட்டைகளுக்கு நடுவே உட்கார வைத்துவிட்டுப் போனான்.

"அங்கன வந்து உனக்கு என்னலே ஆவப்போவுது? வெயிலு வேற. இங்கனயே சாமானப் பாத்துக்கிட்டு இரு" என்றான். சாமான் அறைக்குக் கொடுக்கும் காசும் மிச்சமாயிற்று.

அவன் திரும்பி வந்தபோது பிச்சையாவின் உள்ளங்கையில் சில்லறை இருந்தது.

"இது என்னதுலே?"

"யாரோ ஒரு பொம்பள போட்டுட்டுப் போயிட்டாண்ணே. நான் பிச்சக்காரன் இல்லன்னு சொல்லுததுக்குள்ள போயிட்டா."

"சரி விடு. டீக்கு ஆச்சுல்லா."

வெயிலுமுத்து அந்தக் காசுக்கே டீ வாங்கி வந்தான். பிச்சையா சூடாக இருக்கிறது என்று கீழே வைத்தான், பிறகு அதைத் தொடவே இல்லை. வண்டி வந்ததும் அண்ணன் ஜன்னலோரம் உட்கார்ந்தான்.

இதெல்லாம் நடந்துகொண்டிருக்கும்போதுதான் பேராச்சியின் பேச்சு வந்தது. திசையன்விளைப் பக்கத்துப் பெண், பீடி சுற்றுகிறவள். அப்பாவின் காரியத்துக்குப் போயிருந்தபோது பிச்சையா அவள் வீட்டுக் கட்டிலுக்குக் கயிறு கட்டிக் கொடுத்திருந்தான். "கண்ணு இல்லாட்டா என்ன? இந்தக் கையி போதும்" என்று அவளே தன் தாய்மாமன் பூலோகத்திடம் சொன்னாளாம். பூலோகம் மதுரை ஸ்டேஷன் பார்சல் ஆபீஸில் மூட்டை தூக்குகிறவர். அவர்தான் பம்பாய்க்கு ஆள் மேல் ஆள் சொல்லியனுப்பினார்.

அந்தப் பக்கத்தில் தாய் தகப்பன் இல்லாத மாப்பிள்ளைக்கு மூத்தவன் கையால்தான் வெற்றிலைத் தட்டுக் கொடுக்க வேண்டும். பணக்காரச் சித்தப்பன் போய் நின்றாலும் செல்லாது. ஆக, எல்லாம் வெயிலுமுத்துவின் தலையசைப்பில் நின்றது. அவனும் தலையை அசைக்கத்தான் செய்தான். தீபாவளி போகட்டும் என்பான், மழை விடட்டும் என்பான். இடையில் பூரிக்குப் போக மட்டும் நேரம் இருந்தது.

பிச்சையா அதிகம் பேசமாட்டான். ஆனால் அந்த வருஷம் நாற்காலிக் கடையில் அதிக வேலை கேட்டு வாங்கினான். ஒரு சேலை வாங்கி, அதன் கரையை விரலால் தடவித் தடவிப் பார்த்துவிட்டு அண்ணியிடம் கொடுத்து வைத்தான். அது அண்ணிக்குப் பொறுக்கவில்லை.

"இந்தத் தடவ நேரா ஊருக்குப் போயி தட்டக் குடுத்துட்டு வாங்க" என்றாள் புருஷனிடம். "அவனுக்குப் பொண்டாட்டி வந்துட்டா அவ துணைக்குப் போவா, நம்ம ஃபோகட் டிக்கெட், ஓசிச் சவாரி போயிருமேன்னு மனசுக்குள்ள கணக்குப் போடாதிய."

வெயிலுமுத்துவுக்கு மூக்கின்மேல் கோபம் வந்தது. அவள் இல்லாததைச் சொல்லியிருந்தால் அவ்வளவு கோபம் வந்திருக்காது.

தட்டு வாங்க ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமையைப் பெண் வீட்டார் குறித்தார்கள். இதற்கு மேல் பொறுக்க முடியாது, இன்னொரு இடமும் கேட்டு நடக்கிறது என்று பூலோகம் சொல்லியனுப்பினார். வெயிலுமுத்து சரி என்றான். டிக்கெட் எடுக்கும்போது மட்டும் பழக்கம் விடவில்லை. சென்னை, ராமேஸ்வரம், மதுரை, திருநெல்வேலி என்று ஒரு சுற்று டிக்கெட்டாக எடுத்தான். இரண்டு பேருக்கும் சேர்த்துக் கையால் எழுதிய ஒரே காகிதம்.

சென்னையில் பிச்சையாவுக்கு விஷயம் தெரிந்தது. "ராமேஸ்வரம் எதுக்குண்ணே? வெள்ளிக்கிழம வந்துருமே" என்றான்.

"டிக்கெட்ல இடம் இருக்குலே, வீணாப் போவும்லா. கல்யாண காரியத்துக்கு முந்தி கடல்ல முங்கிட்டுப் போனா நல்லதுதான. ஞாயித்துக்கிழம வாரோம்னு அவியளுக்குத் தந்தி அடிச்சிட்டேன்."

"அடிச்சிட்டியாண்ணே?"

"பின்ன? உனக்கு நான் பொய்யா சொல்லுவேன்?"

பிச்சையா நம்பினான். ராமேஸ்வரம் வண்டி கடல் பாலத்தில் ஏறியபோது வெயிலுமுத்து வாசலில் தொங்கிக்கொண்டு வாயில் ஈ போவது தெரியாமல் பார்த்தான். கீழே ஏதோ சத்தம் மாறுகிறதே, என்னது என்று தம்பி கேட்டான். "பாலம்லே, பேசாம இரு" என்றான் அண்ணன். கோயிலில் கண் தெரியாதவர் என்று இவர்களுக்கு முன்னால் வழி விட்டார்கள். வெயிலுமுத்து நிம்மதியாய்ச் சாமி பார்த்தான். வெள்ளிக்கிழமை அப்படிக் கழிந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதுரையில் இறங்கியதும் பிச்சையா சேலைப் பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டான். "பூலோகம் மாமா இங்கனதான இருப்பாரு, ஒரு வார்த்த சொல்லிட்டுப் போவோம்" என்று அண்ணனைப் பார்சல் ஆபீஸுக்கு இழுத்துப் போனான்.

பூலோகம் இவர்களைக் கண்டதும் தோளிலிருந்த மூட்டையைக் கீழே போட்டார்.

"மாமா, ராமேஸ்வரத்துல கொஞ்சம் தாமசமாயிட்டு" என்றான் பிச்சையா. "அண்ணன் தந்தி அடிச்சுதே, கெடைச்சுதா?"

"எந்தத் தந்தி?" என்றார் பூலோகம். "ஒரு தந்தியும் வரலடே. வெள்ளிக்கிழம காலையில இருந்து பந்தலுக்குக் கீழ உக்காந்திருந்தோம். எலை போட்டு எடுத்தாச்சு. பொழுது சாயந்தப்புறம் சொந்தம் சொக்காரனுவ சிரிக்க ஆரம்பிச்சுட்டானுவ. அவ அப்பனுக்கு மானம் போச்சு. கேட்டு நடந்த அந்த எடத்துக்காரன் அங்கனயேதான் இருந்தான். அவன் கையில தட்ட வாங்கிட்டாரு."

பிச்சையா தலையைக் குனிந்துகொண்டான். "அவ என்ன சொன்னா மாமா?"

"அவ என்ன சொல்லுவா? பஸ்சு வார சத்தம் கேக்கையில எல்லாம் வாசலுக்கு வந்து பாத்தா. கடசி பஸ்சும் போனப்புறம் உள்ள போயிட்டா."

தன் மனசு இப்படிக் குறுகுறுப்பது வெயிலுமுத்துவுக்கே புதிதாக இருந்தது. அதைச் சமாளிக்கத் தெரியாமல், எப்போதும் பேசுகிற பேச்சைப் பேசினான்.

"சரி, நடந்தது நடந்துபோச்சு. டிக்கெட்டு திருநெல்வேலி வர இருக்கு. திருச்செந்தூரையாவது ஒரு எட்டுப் பாத்துட்டுப் போவோம்லே."

இப்படியும் ஒரு மனிதன் இருப்பானா என்று கேட்கக் கூடாது. இருந்தான். ஓசியும் சலுகையும் ஒரு வயதுக்கு மேல் மனிதனை அப்படி ஆக்கிவிடும்.

பிச்சையா கையை நீட்டினான். "டிக்கெட்ட எங்கிட்டக் குடுண்ணே." அந்தக் குரலுக்கு வெயிலுமுத்து மறுபேச்சில்லாமல் கொடுத்தான். பிச்சையா சேலைப் பையைப் பூலோகத்திடம் கொடுத்தான். "அவ கட்டிக்கிடுவாளா தெரியல. வேண்டாம்னா வேற யாருக்காவது குடுத்துருங்க. என்னய மெட்ராஸ் வண்டியில ஏத்திவிடுங்க மாமா."

பூலோகம் கவுண்டரில் கேட்டு, திருநெல்வேலி போகாமலே திரும்புவதற்கு டிக்கெட்டின் மேல் எழுதி வாங்கி வந்தார். பிச்சையாவை ஒரு ஜன்னலோரத்தில் உட்கார வைத்துவிட்டு, வெயிலுமுத்துவை ஏறிட்டுப் பார்க்காமலே இறங்கிப் போனார். வெயிலுமுத்து எதிரே உட்கார்ந்தான். தம்பியின் கோபம் திண்டுக்கல் வந்தால் தணிந்துவிடும் என்று நினைத்தான்.

திண்டுக்கல்லுக்கு முன்பே டிக்கெட் பரிசோதகர் வந்துவிட்டார். காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பார்வையில்லாதவர் ஒருத்தர், துணைக்கு ஒருத்தர்னு இருக்கு. துணை யாரு?"

வெயிலுமுத்து வாயைத் திறப்பதற்குள் பிச்சையா நிமிர்ந்தான். "துணைக்கு யாரும் வரல சார்."

"அப்ப எதுக்க இருக்கிற இவரு?"

"அவரு ஊரு பாக்க வந்தவரு. நான் அவருக்கு டிக்கெட்டா வந்தேன்."

பரிசோதகர் இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டும் ஒரே அச்சு. "என்னய்யா இது? உம்ம கூடப் பொறந்தவரா?" என்றார். வெயிலுமுத்து தலையை ஆட்டினான்.

"இது எத்தனை நாளா நடக்குது?"

வெயிலுமுத்துவின் கண் முதல்தடவையாகத் தம்பியின் உள்ளங்கையைப் பார்த்தது. பிரம்பு கிழித்த வடுக்கள் குறுக்கும் நெடுக்குமாக இருந்தன. அந்தக் கையை நம்பி ஒருத்தி வர இருந்தாள் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. மடியிலிருந்து பணத்தை எடுத்து முழுக் கட்டணமும் அபராதமும் பேரம் பேசாமல் கட்டினான்.

பரிசோதகர் ரசீதைக் கிழித்துக் கொடுத்தார். "இந்தச் சலுகை, கண்ணில்லாதவர் தான் நினைச்ச இடத்துக்கு நினைச்ச நாள்ல போய்ச் சேரணும்னு கொடுக்கிறது. அவரைக் கைப்பிடிச்சுக் கூட்டிட்டுப் போறவருக்குத்தான் துணைன்னு பேரு. அவர் குறையைக் கைப்பிடிச்சுக்கிட்டு ஊர் சுத்துறவன் துணை இல்ல, திருடன். டிக்கெட் இல்லாம வர்றவன் அவனைவிட யோக்கியன்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

வெயிலுமுத்து கொஞ்சம் முன்னால் குனிந்து, யாருக்கும் கேட்காதபடி, "தப்புதாம்லே. நான் உனக்கு வேற எடம் பாக்கேன்" என்றான்.

பிச்சையா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"நீ பாத்ததெல்லாம் போதும்ணே" என்றான்.