மூன்று பிடி மண்ணுக்குப் பரிகாரம்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். கையில் பைபிளைக் கொடுத்தாலும் சரி, உள்ளங்கையில் கற்பூரத்தை ஏற்றினாலும் சரி, ஒரு காற்புள்ளியைக்கூட மாற்றிச் சொல்ல வழியில்லை.

ராயப்பன் மிஷன் பள்ளிக்கூடத்தில் முப்பத்து மூன்று வருடம் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அத்தனை வருடத்தில் ஒரு பையனுக்கும் கருணை மதிப்பெண் போட்டதில்லை. முப்பத்தைந்து எடுத்தால் பாஸ். முப்பத்து நாலு எடுத்தவன் அடுத்த வருடமும் அதே பெஞ்சுதான். இடது பக்கம் எவ்வளவோ வலது பக்கமும் அவ்வளவு. அவருக்கு அதுதான் கணக்கு, அதுதான் வேதமும். தப்புச் செய்தவன் அனுபவித்தே தீருவான் என்று நம்பினார். உசிலம்பட்டியில் அப்படி நம்பாதவர் யாரும் இல்லை.

ஊருக்கு மேற்கே அவருக்கு மழையை நம்பி விதைக்கிற இரண்டு ஏக்கர் மானாவாரிக் காடு. பக்கத்துக் காடு கருத்தக்கண்ணனுடையது. அவன் வருடா வருடம் வரப்பைச் செதுக்குகிற சாக்கில் அதை ஒரு சாண் ராயப்பன் பக்கம் தள்ளிவைப்பான். ஒன்பது வருடத்தில் என்ன ஆயிற்று என்றால், ராயப்பன் காட்டின் நட்டநடுவில் நின்ற வேப்பமரம், நின்ற இடத்தை விட்டு அசையாமலேயே, கருத்தக்கண்ணன் காட்டுக்குள் போய்ச் சேர்ந்துவிட்டது. ஒன்பது சாண் எப்படி அரைக் காடு ஆகும் என்பதற்குக் கணக்கு வாத்தியாருக்கே விடை கிடைக்கவில்லை.

அந்த ஒன்பதாவது வருடம், ராயப்பனின் நிலக்கடலை காய் பிடிக்க மண்ணுக்குள் விழுது இறக்குகிற சமயத்தில் நாற்பது நாளாக மழை இல்லை. இன்னும் ஒரு வாரம் காய்ந்தால் அத்தனையும் சருகு. செடியைப் பார்த்து வயிறெரிந்து நின்றவர் தலையை நிமிர்த்தினால், அந்த வேப்பமரத்தில் கருத்தக்கண்ணன் ஊஞ்சல் கட்டி ஆடிக்கொண்டிருக்கிறான்.

ராயப்பன் குனிந்தார். ஒரு பிடி மண்ணை அள்ளித் தூற்றினார். "உன் மாடு மடி வத்திப் போக!" இன்னொரு பிடி. "உன் காடு கரிஞ்சு போக!" மூன்றாவது. "நீ நிம்மதியத்துப் போக!"

செய்தி அவருக்கு முன்னால் டீக்கடைக்குப் போய்விட்டது. கடைக்காரர் பாண்டியராஜன் அவருக்கு ஸ்பெஷல் டீ போட்டார். "எங்க பெரியப்பன் வீட்டுக்கு ஒத்தப் பிடி மண்ணத்தான் தூத்துனாய்ங்க வாத்தியாரே. ரெண்டு பேரு காலி. நீங்க மூணு பிடி! பாவம், அவன் எம்புட்டத்தான் தாங்குவான்?"

கடையே நாள் எண்ணத் தொடங்கியது.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு முன் ராயப்பன் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய், மண் தூற்றிய பாவத்தைச் சொன்னார். பங்குச்சாமி ஃபாதர் ஆல்பின். இதே ஆல்பின்தான் ஒரு காலத்தில் ராயப்பனிடம் முப்பத்து நாலு எடுத்தவர்.

"எத்தனை பிடி சார்?"

"மூணு, சாமி."

"அப்ப பரிகாரமா மூணு ஆசீர்வாதம். கோயில்ல இல்ல. அதே வரப்புல நின்னு, அவர் காதுல விழுற மாதிரி. எதையெதைச் சபிச்சீங்களோ அதையதை."

"அவன் இன்னும் மன்னிப்பே கேக்கல சாமி!"

"அவர் கேட்டாரான்னு நான் கேக்கலயே சார்."

பழைய மார்க்குக்குப் பழிவாங்குகிறானோ என்று ராயப்பனுக்குச் சந்தேகம். இருந்தாலும் பரிகாரம் பரிகாரம்தான். மறுநாள் வரப்பில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டு கத்தினார்: "டேய் கருத்தக்கண்ணா! உன் மாடு நல்லா இருக்கட்டும்டா!"

"என்ன வாத்தியாரே, வெயிலு மண்டைக்குள்ள எறங்கிருச்சா?" என்றான் ஊஞ்சலில் இருந்தவன்.

நாளுக்கு அரைப்படிகூடத் தராத அவன் மாடு அன்று சாயங்காலமே பால் சுரந்தது. குடம் நிறைந்தது, தவலை நிறைந்தது. கடைசியில் கல்யாண மண்டபத்திலிருந்து அண்டாவை வாடகைக்கு எடுத்து வந்து கறந்தார்கள்.

ராயப்பனுக்கு இரண்டு வேளை சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் மறுபடி வரப்பேறினார். "உன் காட்டுல மழை பெய்யட்டும். பெஞ்சு தொலையட்டும்!"

அவர் வாயை மூடவில்லை, வானம் திறந்துகொண்டது. இரண்டரை மணி நேரம் கொட்டியது. கொட்டியது வரப்பு வரைக்கும்தான். வரப்பில் நின்ற ராயப்பனின் சட்டையில் இடது கையைப் பிழிந்தால் ஒரு செம்பு தண்ணீர். வலது கையில் இஸ்திரி மடிப்புக்கூடக் கலையவில்லை. ஒரு காக்கை அந்தப் பக்கம் குளிப்பதும் இந்தப் பக்கம் வந்து உலர்த்துவதுமாக இருந்தது. பாண்டியராஜன் ஓடி வந்து செல்போனில் வீடியோ எடுத்தார். பாதி மழை, பாதி வெயில்.

டீக்கடையில் அன்று அவருக்கு ஸ்பெஷல் டீ கிடைக்கவில்லை.

"நல்லவன் காடு காயுது, களவாணிப்பய காட்டுல கொட்டுது. ஒங்க சாமிக்கு வரப்பு எதுன்னு தெரியாதோ?" என்றார் பாண்டியராஜன்.

"நல்லாத் தெரியுமேண்ணே. ஒரு விரக்கட தாண்டலயே!" என்று மூலையிலிருந்து ஒரு குரல். கடை சிரித்தது.

ராயப்பன் நேராக ஃபாதரிடம் போனார். "இது என்ன கணக்கு சாமி?"

"கணக்கே இல்ல சார். அதுக்குப் பேருதான் அருள்."

"அவனுக்கு என்ன தகுதி இருக்கு?"

"ஒண்ணும் இல்ல."

"அப்ப எனக்கு?"

ஃபாதர் காபியை ஆற்றிக் குடித்தார். முப்பத்து மூன்று வருடத்தில் ராயப்பன் யாருக்கும் போடாத அளவு குறைந்த மார்க் அந்த மிடறில் இருந்தது.

மூன்றாவது ஆசீர்வாதத்தைச் சொல்வதில்லை என்ற முடிவோடுதான் மறுநாள் காலை காட்டுக்குப் போனார். அங்கே கருத்தக்கண்ணன் மண்வெட்டியோடு முழங்கால் தண்ணீரில் நின்று வரப்பை வெட்டிக்கொண்டிருந்தான்.

"டேய்! வரப்ப ஏண்டா வெட்டுற?"

"ஒம்பது வருசமா வெட்டுறேன். இன்னைக்குத்தான் கேக்கத் தோணுச்சாக்கும்? தண்ணி விடுறேன், தள்ளுங்க."

"ஒந்தண்ணி எனக்கு வேணாம்!"

"ஒங்களுக்கு யாரு குடுத்தா? செடிக்கு விடுறேன். அது தலையத் தொங்கப்போட்டு நிக்கிறதப் பாத்தா எனக்கே எரிச்சலா வருது."

ராயப்பன் வேட்டியோடு போய் அந்த உடைப்பில் உட்கார்ந்தார். தண்ணீர் அவர் முதுகில் வந்து முட்டி நின்றது.

"மன்னிப்புக் கேளு. மரத்தத் திருப்பிக் குடு. அப்புறம் விடு."

"மரமும் கெடையாது, மன்னிப்பும் கெடையாது. தண்ணி மட்டுந்தான். வேணுமா, வேணாமா?"

"உங்கிட்ட நான் வாங்குறதுக்கு ஒரு காரணம் வேணும்டா!"

"காரணமா?" கருத்தக்கண்ணன் நிஜமாகவே யோசித்துப் பார்த்தான். "ஒண்ணும் இல்ல. ஒங்கள எனக்குப் புடிக்கவே புடிக்காது."

வெயில் ஏறியது. அவன் மண்வெட்டியை ஊன்றி நின்றான், இவர் அசையவில்லை. கண்ணெதிரே செடிகள் இலையை மூடிக்கொண்டிருந்தன. ஆசீர்வாதம் கொடுப்பதற்குப் பல்லைக் கடித்தால் போதுமாயிருந்தது. வாங்குவதற்குப் பல்லும் உதவவில்லை. நியாயம் முழுக்கத் தன் பக்கம் இருந்தது. அதில் ஒரு சொட்டைக்கூடச் செடிக்கு ஊற்ற முடியவில்லை.

உச்சிப்பொழுதுக்குக் கொஞ்சம் முன்னால் ராயப்பன் எழுந்தார். தண்ணீர் அவர் கணுக்காலைத் தாண்டி முதல் பாத்திக்குள் ஓடியது.

"நீ நிம்மதியா இருந்து தொலைடா!" என்றார், திரும்பிப் பார்க்காமல்.

"சரி சரி, கால எடுங்க. மடை அடைக்குது."

இரண்டு பேரும் இன்றுவரை முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஆனால் அந்த வருடம் ராயப்பன் காட்டில் ஒரு செடியைப் பிடுங்க மூன்று ஆள் வேண்டியிருந்தது. கடலை ஒவ்வொன்றும் கொழுக்கட்டை அளவு. உடைக்கச் சுத்தியல் தேடினார்கள்.

எந்தக் காட்டில் என்ன பயிர் என்று கிராம நிர்வாக அலுவலர் எழுதிவைக்கும் அடங்கலில், அந்த வருடம் ராயப்பன் நிலத்துக்கு நேரே ‘தரிசு’ என்று எழுதியிருக்கிறது. அடங்கலின் கையில் யாரும் கற்பூரம் ஏற்றிச் சத்தியம் வாங்குவதில்லை.