மூக்கக்கா சொன்னால் சரி

பால் அடிப்பிடித்த வாடை கூடம்வரை வந்துவிட்டது. அண்ணி மூக்கைச் சுளித்துக்கொண்டு ஓடி வந்து அடுப்பை அணைத்தாள். அடுப்புக்கு இரண்டடி தள்ளி, முதுகைக் காட்டியபடி தட்டு கழுவிக்கொண்டிருந்தாள் மூக்கக்கா.

"பக்கத்துலயே நிக்கறே, தெரியலையா?"

"ஏதோ யோசனையில இருந்துட்டேன் அண்ணி."

அண்ணி பாத்திரத்தை ஊறப்போட்டுவிட்டு, வாசற்படியில் நின்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

மூக்கக்காவுக்கு வேறு பெயர் உண்டு. அது அடையாள அட்டையில் மட்டும் இருக்கிறது. புருஷன் விட்டுப்போய், ஒற்றைப் பெட்டியோடு அண்ணனின் பன்றிப் பண்ணைக்கு வந்தவளை முதலில் எல்லோரும் முதலாளி தங்கச்சி என்றுதான் கூப்பிட்டார்கள். அந்த வருஷம் ஒருநாள் காலையில் குட்டிக் கொட்டகைக்குள் நுழைந்தவள், வாசலிலேயே நின்று, பால் புளித்த வாடை அடிக்கிறது, அதுக்குள்ளே துருப்பிடித்த இரும்பு மாதிரி ஏதோ இருக்கிறது என்றாள். கால்நடை டாக்டர் சிரித்தார். குட்டிகள் துள்ளிக்கொண்டிருந்தன. மூன்றாம் நாள் பாதிக்கொட்டகை கழிச்சலில் படுத்தது. அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர் இது. அண்ணிகூட ஒருமுறை, உங்க தங்கச்சி மூக்குக்கு இன்சூரன்ஸ் போட்டு வையுங்க என்று சொல்லிச் சிரித்திருக்கிறாள். அந்த வீட்டில் அவளுக்கென்று ஒரு நாற்காலி, ஒரு அறை, சாப்பாட்டு மேசையில் ஒரு பேச்சு எல்லாம் வந்தது அந்த மூக்கால்தான்.

பத்து நாளுக்கு முன்னால் ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனபோது வாசனையும் போய்விட்டது. சோப்பை முகர்ந்தாள். வெங்காயத்தை நறுக்கி முகர்ந்தாள். கண்ணில் நீர் வந்தது, வாசனை வரவில்லை. டீசல் டப்பாவைத் திறந்து குனிந்தால், கிணற்றுக்குள் எட்டிப் பார்த்த மாதிரி வெறும் இருட்டு.

வேறு சமயமாக இருந்தால் ஒரு மாதம் ஒப்பேற்றிவிடலாம். ஆனால் பண்ணையில் அப்போதுதான் தீவனத்தில் கலக்கும் தூளைக் குறைத்துக்கொண்டிருந்தார்கள்.

தாயிடமிருந்து பிரித்த குட்டிக்கு வயிறுதான் எமன். நேற்றுவரை பால், இன்றைக்குத் திடீரென்று தீவனம். முதல் நாள் பட்டினி கிடக்கும், மறுநாள் வெறிபிடித்துத் தின்னும், நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ குடல் கைவிடும். இத்தனை வருஷம் அந்தக் குடலைக் கட்டிக் காத்தது தீவனத்தில் கலந்த வெள்ளை ஜிங்க் தூள். அந்தத் தூள் கழிவோடு வயலுக்குப் போய் மண்ணைக் கெடுக்கிறது, இனி கலக்கக்கூடாது என்று மேலிடத்து உத்தரவு வந்துவிட்டது. அதற்குப் பதிலாகப் புளிப்புச் சேர்மானம், நல்ல கிருமி வளர்க்கும் தூள், நார் என்று ஒரு புதுத் தீவனம். அண்ணன் படிப்படியாகத்தான் இறங்கினார். முதலில் பாதித் தூள், பிறகு கால், பிறகு சுத்தமாக இல்லை. ஒவ்வொரு படி இறங்கும்போதும் தங்கச்சி கொட்டகைக்குள் போய் வந்து சொல்ல வேண்டும்.

பாதித் தூளுக்கு நல்லா இருக்கு என்றாள். நல்லாகவே இருந்தது. கால் தூளுக்கும் அதையே சொன்னாள். அதுவும் தப்பித்தது. இரண்டு முறை குருட்டாம்போக்கில் சரியாகிப்போன பொய், மூன்றாவது முறை உண்மையை எப்படிச் சொல்லவிடும்?

சொல்லிவிடுவது என்று இரண்டு தடவை அலுவலக அறைவரை போனாள். முதல் தடவை அண்ணி கணினி முன்னால் உட்கார்ந்திருந்தாள். இரண்டாவது தடவை அண்ணன் போனில் டாக்டரிடம் பேசிக்கொண்டிருந்தார். பரிசோதனைக்கூடத்துக்கு மாதிரி அனுப்பிப் பார்க்கலாமே என்று டாக்டர் சொல்ல, எதுக்கு சார், எங்க வீட்டிலேயே ஒரு பரிசோதனைக்கூடம் இருக்கு என்று சொல்லி, வாசலில் நின்றவளைப் பார்த்துக் கண் சிமிட்டினார்.

அப்புறம் அவள் மற்றவர்களின் முகத்தைப் பார்க்கத் தொடங்கினாள். கொட்டகை கழுவுகிறவனோ தீவனம் தள்ளுகிறவளோ மூக்கைச் சுருக்கினால் போதும், பிடித்துக்கொள்ளலாம். இரண்டு நாள் பார்த்த பிறகுதான் உறைத்தது. அவர்கள் எல்லோரும் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூக்கக்கா சுளிக்காதவரை எவரும் சுளிக்கவில்லை.

பால் கருகிய அன்றைக்குக் காலை ஏழரைக்கு அவள் கொட்டகைக்குப் போனாள். தூளே இல்லாத தீவனத்தில் இருநூற்று நாற்பது குட்டிகள், பிரித்து நாலாம் நாள். கதவைத் திறந்தால் காலில் வந்து மோதுகிற கூட்டம் அன்றைக்கு வரவில்லை. பாதிக்குமேல் சூடு தரும் சிவப்பு விளக்கின் கீழே ஒன்றன்மேல் ஒன்றாக அடைந்து கிடந்தன. உள்ளே குளிர் இல்லை. தீவனப் பலகையின் ஓரத்தில் நேற்று விழுந்த தீவனம் அப்படியே இருந்தது. ஒரு குட்டி எழுந்து, இரண்டடி வைத்து, முதுகை வளைத்துக்கொண்டு நின்றது. அதன் வால் அடி ஈரமாகப் பளபளத்தது. தண்ணீர்த் தொட்டியில் நனைந்திருக்கலாம்.

தரையிலிருந்து கொஞ்சம் கழிவை எடுத்து விரலில் தேய்த்து மூக்கருகே கொண்டுபோனாள். தண்ணீரை முகர்ந்த மாதிரி இருந்தது.

வாசலில் அண்ணன் போனைக் காதில் வைத்தபடி நின்றிருந்தார். "தீவன ஆலையிலேர்ந்து கேக்கறாங்க. மூணு கொட்டகைக்கும் தூள் இல்லாததையே ஏத்தவா?"

அவள் விளக்கடியில் கிடந்த குவியலைப் பார்த்தாள்.

"எதுக்கும் டாக்டரையும் ஒரு தடவை..."

"அவர் கிடக்கறார். நீ சொல்லு."

கொட்டகை கழுவுகிறவன் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு அவள் வாயையே பார்த்தான்.

"நல்லா இருக்குண்ணே" என்றாள்.

பதினோரு மணிக்குத் தீவன லாரி வந்தது. வழக்கமாக வருகிறவர் விடுப்பில் இருந்ததால் புது டிரைவர். குழாயை மாட்டி விசையைத் தட்டினார். முதல் கொட்டகையின் தீவனத் தொட்டி நிறைந்தது, இரண்டாவதும் நிறைந்தது. மூன்றாவதற்குக் குழாயை மாட்ட, குட்டிக் கொட்டகையின் உள்காற்றை வெளியே தள்ளும் காற்றாடியைத் தாண்டிப் போனவர் அங்கேயே நின்றார். சட்டைக் கையை மடக்கி மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"உள்ளே ஏதாவது செத்துக் கிடக்குதா முதலாளி?"

அண்ணன் சிரித்தார். "பன்னிப் பண்ணைய்யா. மல்லிகையா மணக்கும்?"

"இருபது வருஷமா பன்னிப் பண்ணைக்குத்தான் லோடு அடிக்கிறேன்" என்றார் டிரைவர். குழாயை மாட்டி விசையைத் தட்டிவிட்டு, மறுபடியும் காற்றாடிப் பக்கம் முகத்தைத் திருப்பினார். "இது வேற. பால் புளிச்ச மாதிரி. நடுவுல இரும்பு துருப்பிடிச்ச மாதிரி..."

அண்ணனின் சிரிப்பு முகத்திலேயே கொஞ்ச நேரம் தங்கி, பிறகு இறங்கியது. அவர் காற்றாடியைப் பார்க்கவில்லை. தங்கச்சியின் முகத்தைப் பார்த்தார். துடைப்பத்தோடு நின்றவனும் பார்த்தான். அலுவலகத்து ஜன்னல் திறந்தது. அண்ணி அங்கே நின்றாள், கைக்குட்டை மூக்கில்.

"பத்து நாளா எனக்கு ஒண்ணுமே தெரியலண்ணே" என்றாள் மூக்கக்கா.

விசையை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை. குழாய்க்குள் தீவனம் சரசரவென்று ஏறி, மூன்றாவது தொட்டி நிரம்பிக்கொண்டிருந்தது.